“பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான்”: முக்கூடல் பக்கத்து அம்மாவுக்கு ஒரு பதில்

கேள்வி:

அய்யாவுக்கு வணக்கம். நாங்க முக்கூடல் பக்கம். நான் பீடி சுத்துதேன். வீட்டுக்காரங்க மெட்ராஸ்ல மளிகைக் கடையில வேலைக்கு நிக்காங்க. பையன் ஒன்பதாம் வகுப்பு. சின்னதுலேர்ந்தே கொஞ்சம் திக்கும். போன மாசம் காலை வழிபாட்டுல செய்தி வாசிக்க நிறுத்தியிருக்காங்க. ‘கன்னியாகுமரி’ங்கிற வார்த்தை வரல. க, க, கன்னு நின்னுட்டான். எவனோ அதை போன்ல எடுத்து, வகுப்புப் பசங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, அப்புறம் பாட்டு சேத்து இன்ஸ்டாகிராம்லயும் போட்டிருக்கானுவ. இப்போ அவன் பேரே ‘கக்கா’. ஸ்டிக்கர் வேற. எனக்கு எதுவும் தெரியாது. திங்கக்கிழமையானா வயித்து வலிம்பான். எங்க அக்கா மக சொல்லித்தான் தெரிஞ்சுது. போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஒன்பது நாளா பள்ளிக்கூடம் போக மாட்டேங்கான். சாரைப் போய்ப் பார்த்தேன், ‘பசங்க விளையாட்டும்மா, இவன்தான் கொஞ்சம் தைரியமா இருக்கணும்’னாரு. என் தம்பி, ‘நாலு பயலுவளையும் ரோட்டுல வச்சு நாலு போடுதேன்’ங்கான். அவன் அப்பா, ‘ஆஸ்டல்ல சேத்துருவோம்’ங்காங்க. அந்தப் பயலுவள்ல ரெண்டு பேரு கையில சாதிக் கயிறு கட்டியிருக்கானுவ. புகார்னு போனா ஊர்ப் பிரச்சினை ஆயிருமோன்னு பயமா இருக்கு. நான் போன் வாங்கிக் குடுத்ததுதான் தப்பா அய்யா?

பதில்:

அம்மா, கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போன் வாங்கிக் கொடுத்தது தப்பில்லை. ஆனால் அதைப் பிடுங்கிப் பூட்டினீர்களே, அதை இன்றைக்கே மாற்றுங்கள்.

உங்கள் கடிதத்தின் மடிப்பில் புகையிலைத் தூள் ஒட்டியிருந்தது. தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழுதியிருப்பீர்கள் போலும். இரண்டு தடவை வாசித்துவிட்டு ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பையனுக்கு போன் போச்சு. ஒன்பது நாள் பாடம் போச்சு. தைரியமில்லாதவன் என்ற பேர் வந்தது. அடுத்து ஹாஸ்டல், அதாவது வீடும் போகப் போகிறது. அந்த நாலு பேருக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. வழக்கம்போல பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள். நீங்களோ, அவன் அப்பாவோ, அந்த ஆசிரியரோ யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஆனாலும் பட்டவனிடமிருந்தே ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம். நான் கீழே சொல்வதெல்லாம் இந்தக் கணக்கைத் திருப்பிப் போடத்தான்.

அவன் ஏன் உங்களிடம் சொல்லாமல் அக்கா மகளிடம் சொன்னான் என்று மனசு வலிக்கும். பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது பிள்ளைகளிடம் துண்டுச் சீட்டு கொடுப்பேன். பேர் எழுத வேண்டாம், ‘போன்ல யாராவது உன்னை அசிங்கப்படுத்தினா வீட்டுல சொல்லுவியா?’ என்பதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்வேன். ‘மாட்டேன்’ என்கிற சீட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிற காரணம்: ‘போனைப் புடுங்கிருவாங்க.’ அதற்கு அடுத்தது: ‘நீ என்ன செஞ்சேன்னு என்னையத்தான் கேப்பாங்க.’ உங்கள் பையனும் இதே கணக்கைத்தான் போட்டிருக்கிறான். அவன் போட்ட கணக்கு சரியாகவும் போய்விட்டது. பீரோவைத் திறந்து போனை அவன் கையில் கொடுத்து, “நான் அவசரப்பட்டுட்டேன்யா, உன் மேல தப்பில்ல” என்று சொல்லுங்கள். அம்மா இப்படிச் சொன்னால் மதிப்புக் குறைந்துபோகும் என்று உங்கள் தம்பி சொல்லக்கூடும். குறையாது.

‘பசங்க விளையாட்டு’ என்ற ஆசிரியரை ஒரேயடியாகத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் வட்டப்பேர் இல்லாத வீடு எது? கல்யாணப் பத்திரிகையிலேயே வட்டப்பேரையும் சேர்த்து அச்சடித்தால்தான் இன்னார் வீட்டுக் கல்யாணம் என்று பாதி ஊருக்குத் தெரியும். எனக்குப் பள்ளியில் ‘முட்டைக்கண்ணன்’ என்று பேர். இப்போதும் ஜங்ஷனில் எவனாவது அப்படிக் கூப்பிட்டால் சந்தோஷமாகத்தான் திரும்பிப் பார்ப்பேன். ஏனென்றால் அப்படிக் கூப்பிட்டவனை நான் ‘ஓணான்’ என்று கூப்பிட்டேன். ‘போதும்லே’ என்றால் அவனும் விட்டான், நானும் விட்டேன். உங்கள் பையனுக்கு அந்த வசதி இல்லை. திருப்பிக் கிண்டல் செய்ய வாய் திறந்தால் அந்த வாய்தான் திக்கும். நாலு பேருக்கு ஒருத்தன். ஒரு மாதமாக நடக்கிறது. நார்வேயைச் சேர்ந்த உளவியலாளர் டான் ஓல்வேயுஸ் 1970களிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் இப்படி ஒருவரை வதைப்பதை ஆராய்ந்தவர். அவர் சொன்ன அடையாளங்கள் மூன்று: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவன் மேல் செய்வது. 1983-ல் அந்த நாட்டில் இதற்காகவே பள்ளிகளில் தேசிய அளவில் ஒரு இயக்கம் தொடங்கினார்கள். மறுபடி ஆசிரியரைப் பார்க்கும்போது, “விளையாட்டுன்னா ரெண்டு பேரும்லா சார் சிரிக்கணும்?” என்று கேளுங்கள். சண்டை வேண்டாம், கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள்.

போனில் நடக்கிற கேலிக்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. அந்தக் காலத்தில் கேலி பள்ளிக்கூட வாசலோடு நின்றது. இப்போது தலையணைக்கு அடியில் வந்து படுத்துக்கொள்கிறது. என்னிடம் வந்த வேறொரு பையன் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து, தன்னைக் கேலி செய்து போட்ட பதிவைத் தானே திறந்து பார்ப்பான். “எதுக்குடா அதைப் பாக்க?” என்று கேட்டேன். “புதுசா எத்தனை பேரு சிரிச்சிருக்காங்கன்னு எண்ணுதேன் சார்” என்றான். நேற்று 22 சிரிப்புப் பொம்மை, இன்று 24. அந்தப் புது இரண்டு பேர் யார் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் படுப்பான். அந்த இரண்டில் ஒருத்தன் மத்தியானம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். வீடியோ போட்டவனைவிட அவன் சிரித்ததுதான் பையனுக்குத் தாங்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த மாதிரி விஷயத்தில் போட்டவன் ஒருத்தன், கூடச் சேர்ந்து ஏற்றிவிடுபவர்கள் இரண்டு மூன்று பேர், மற்றவர்கள் பார்வையாளர்கள். ஃபின்லாந்தின் உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவல்லி இந்தப் பார்வையாளர்களைத்தான் பெரிதாக ஆராய்ந்தார். சிரிக்கிற கூட்டம் இல்லையென்றால் வம்புக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. ஃபின்லாந்துப் பள்ளிகளில் நடக்கும் ‘கிவா’ என்ற வம்புத் தடுப்புத் திட்டமே வகுப்பில் மற்றப் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவதை வைத்து நடப்பதுதான். ஆகவே பையனிடம் ‘யாரெல்லாம் கேலி பண்ணாங்க?’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘யார் சிரிக்கலை?’ என்று கேளுங்கள். யோசிப்பான். ஒரு பேராவது வரும். ‘விடுங்கலே’ என்று குரூப்பில் ஒருத்தன் போட்டிருக்கலாம், தனியாக ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். அந்த மெசேஜும் இப்போது பீரோவுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பையனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு நாலு பணியாரம் கொடுங்கள். நான் எழுதுகிற எந்த மருந்தையும்விட அது சீக்கிரம் வேலை செய்யும்.

திக்குவதைப் பற்றி. இது பயத்தில் வருவதல்ல, கோழைத்தனமும் அல்ல, வளர்ப்புக் குறையும் அல்ல. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். பல பேருக்குத் தானாகப் போய்விடும், சில பேருக்கு நிற்கும். வார்த்தையின் முதல் எழுத்தில்தான் அதிகம் மாட்டும். பாடும்போதும் பத்துப் பேரோடு சேர்ந்து சொல்லும்போதும் மாட்டாது, கவனித்துப் பாருங்கள். பயம் இதை உண்டாக்காது, ஆனால் கூட்டும். பத்துப் பேர் ‘க, க’ என்று காத்திருக்கும்போது யாருக்குத்தான் வார்த்தை வரும்? வீட்டில் ‘மெதுவாப் பேசு’, ‘மூச்சை இழுத்துட்டுச் சொல்லு’ என்று சொல்லாதீர்கள். அவன் முடிக்கிற வரைக்கும் அவன் முகத்தைப் பாருங்கள். வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில், அதாவது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் போய் விசாரித்தால் பேச்சுப் பயிற்சிக்கு வழி சொல்வார்கள். ஆனால் ‘திக்குறதைச் சரி பண்ணிட்டா கேலி நின்னுரும்’ என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் தப்பு அவன் நாக்கில் என்று ஆகிவிடும்.

சரி, போன் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது. எதையும் அழிக்க வேண்டாம். யாருக்கும் பதில் எழுதவும் வேண்டாம், முக்கியமாகக் கெட்ட வார்த்தையில். பிறகு அதை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘இவனும்தான் பேசினான்’ என்று நீட்டுவார்கள். உங்கள் அக்கா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீடியோ, ஸ்டிக்கர், கமெண்ட் எல்லாவற்றையும் போட்டவர் பேரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்ஸ்டாகிராம் பதிவின் லிங்க்கையும் எடுத்து வையுங்கள். ஃபேக் ஐடி என்றால் அந்த ஐடியின் முகப்புப் பக்கத்தையும் எடுங்கள். எல்லாம் எடுத்தபிறகு அந்தப் பதிவை இன்ஸ்டாகிராமிலேயே ரிப்போர்ட் செய்துவிட்டு, அந்த ஐடிகளை பிளாக் செய்யலாம். குரூப்பிலிருந்து விலகுவதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும். வீட்டுப்பாடம் வருகிற குரூப் அதுதான் என்றால் அவன் ஏன் விலக வேண்டும்?

உங்கள் நிலைமை இது இல்லை, ஆனாலும் வாசிக்கிற வேறு வீடுகளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தரங்கப் படம் அல்லது முகத்தை ஒட்டிச் செய்த ஆபாசப் படம் என்றால் வழி வேறு. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் அப்படிப்பட்ட படத்தைச் சாட்சிக்கு என்றுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது. வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. நேரே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் அப்படிப்பட்ட படத்தைச் சில மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டியது அந்தத் தளத்தின் பொறுப்பு.

உங்கள் தம்பிக்கு: மாமா கையால் நாலு அடி விழுந்தால், மறுநாளே அது உங்கள் வீட்டின் மேல் வழக்கு. வளர்ந்தவர் சிறுவனை அடித்தார் என்பது மட்டும்தான் அப்புறம் பேச்சாக இருக்கும், ‘கக்கா’ எல்லோருக்கும் மறந்துபோகும். அவருக்கு உதவ ஆசை இருந்தால் ஒரு வாரம் காலையில் பையனோடு பஸ்ஸில் போய் வரட்டும். யாரிடமும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

பள்ளிக்கு வாயால் சொன்னது போதாது. தலைமை ஆசிரியருக்கு மனுவாக எழுதுங்கள். எந்தத் தேதியில் வழிபாட்டில் என்ன நடந்தது, எந்தத் தேதியில் வீடியோ வந்தது, எத்தனை நாள் பையன் வரவில்லை, ஆசிரியரிடம் எப்போது சொன்னீர்கள், இவ்வளவுதான். திட்டும் சாபமும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்து இணையுங்கள். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள். பட்டா மாற்றத்துக்கு நம் ஆட்கள் எப்படி மனு கொடுப்பார்களோ அதே கவனத்தோடு. மனுவில் என்ன கேட்பது என்பதுதான் முக்கியம். வீடியோவை எல்லார் போனிலிருந்தும் அழிக்கச் செய்ய வேண்டும், அந்தப் பையன்களைத் தனித்தனியாக அவர்கள் பெற்றோரோடு கூப்பிட்டுப் பேச வேண்டும், வகுப்பில் இவனுக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரைக் காட்ட வேண்டும், அவனாகக் கேட்கிற வரை மேடையில் செய்தி வாசிக்கச் சொல்லக் கூடாது. கேட்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, வழிபாட்டில் எல்லார் முன்னாலும் மன்னிப்பு. அது வீடியோவின் இரண்டாம் பாகம் ஆகிவிடும். இன்னொன்று, இருவரையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை குடுத்துக்கிடுங்கலே’ என்கிற சமாதானம். சமமாக நிற்பவர்களுக்குத்தான் சமாதானம் சரிப்படும். இங்கே கையை நீட்டுகிறவன் பயந்துகொண்டு நீட்டுவான், அறையை விட்டு வெளியே வந்ததும் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

பள்ளி அசையாவிட்டால், கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான 1098 எண்ணில் நீங்களும் பேசலாம், பையனே பேசலாம். அரசுப் பள்ளி என்றால் பிள்ளைகள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவும் இருக்கும்.

இனி அந்தக் கயிறு. நீங்கள் என்ன சாதி என்று எழுதவில்லை, அவர்கள் என்ன சாதி என்றும் எழுதவில்லை. எனக்கும் தெரிய வேண்டாம். ஆனால் உங்கள் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பள்ளியில் தன்னைத் தொந்தரவு செய்தவர்களைப் பற்றிச் சொன்ன பட்டியல் சமூக மாணவன் ஒருவனை, சக மாணவர்கள் ராத்திரியில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன் அந்தப் பையனும் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அவன் 600-க்கு 469 எடுத்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு, சாதியைக் காட்டும் நெற்றிப் பொட்டு, மோதிரம் எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இதை வைத்து ‘அதான் சொல்லுதேன், புகாரே வேண்டாம்’ என்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. புகார் கொடுத்த பையனுக்கும் அவன் வீட்டுக்கும் அன்றைய ராத்திரிக்குப் பாதுகாப்பு என்ன என்று பெரியவர்கள் யாராவது யோசித்திருக்க வேண்டும். ஆகவே மனு கொடுக்கிற அன்றே தலைமை ஆசிரியரிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: “என் பையன் பேரைச் சொல்லி அவங்களைக் கூப்பிடாதீங்க, வீடியோ உங்க பார்வைக்கு வந்துதுன்னு சொல்லிக் கூப்பிடுங்க.” வீடியோதான் ஊருக்கே தெரியுமே, இதில் பொய் இல்லை. கயிற்றைப் பற்றியும் மனுவில் எழுதுங்கள், ஒரே வரியில், யார் சாதியையும் குறிப்பிடாமல். சாதிப் பேரைச் சொல்லி இவனைத் திட்டியிருந்தால் மட்டும் அதைச் சொன்ன வார்த்தையோடு எழுதுங்கள், சட்டம் அங்கே வேறு. ‘ஸ்கூல்ல சொன்னியாமே, பாத்துக்கிடுதோம்’ என்று யாராவது மிரட்டினால் அடுத்த நாள்வரை காத்திருக்காமல் அன்றே போலீஸுக்குப் போங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நல அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவரைக் கேளுங்கள்.

போலீஸுக்குப் போனால் அந்தப் பையன்கள் வாழ்க்கை பாழாகிவிடுமே என்றும் உங்களுக்குத் தோன்றலாம், பிள்ளை பெற்றவர்களுக்குத் தோன்றத்தான் செய்யும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். கொடுங்குற்றம் இல்லை என்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்யவும் இல்லை என்றால், பொதுவாக எஃப்ஐஆர் கூடப் போடுவதில்லை. காவல் நிலைய நாட்குறிப்பில் எழுதி, பெற்றோரைக் கூப்பிட்டு, பையனின் சூழ்நிலையை விசாரித்து மேலே கொண்டுபோவார்கள். சிறைக்கு அனுப்புவதற்கான ஏற்பாடு இல்லை இது. அந்த நாலு பேரில் ஒருத்தனின் அம்மா இதை வாசித்துக்கொண்டிருந்தால்: உங்கள் பையனை அடிக்காதீர்கள். அந்த வீடியோவை அவனோடு உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள், சிரிக்காமல், கடைசிவரை. பிறகு உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவன் சாப்பிடுவது, தூங்குவது, பேசுவது மிகவும் குறைந்திருந்தால், ‘நான் இல்லைன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், “செத்துரலாம்னு தோணுதாய்யா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, இருப்பது வெளியே வரும். ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாமல் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் செய்யுங்கள், தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் பேசலாம். அல்லது நேரே ஹைகிரவுண்டுக்குக் கூட்டி வாருங்கள். வயலுக்கு வாங்கிய மருந்து, மாத்திரை எதுவாக இருந்தாலும் இப்போதே பூட்டி வையுங்கள். போன் இருந்த பீரோ இனி காலிதானே.

ஹாஸ்டல் பேச்சை அவன் அப்பாவிடம் இந்த வருஷத்துக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அவனே போகிறேன் என்றால் அப்போது பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் மனு கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை முதல் பீரியடுக்கே போயாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், மத்தியானத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். இதற்குத் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேளுங்கள், கிடைக்கும். வயிற்று வலி என்றால் நம்புங்கள், நிஜமாகவே வலிக்கும்.

மனு எழுத ஆள் தேட வேண்டாம். உங்கள் அக்கா மகள் எழுதட்டும், அவளுக்குத்தான் தேதியெல்லாம் தெரியும். எழுதி முடித்ததும் பையனிடம் கொடுத்து, விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.